நெற்றி வேறு, கன்னம் வேறு

ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி முகத்துக்கு என்ன பூசுவது என்று புதிதாகக் கற்றுக்கொள்கிறாள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் அலமாரிகளில் நிற்கும் போத்தல்களையும் நான் பார்த்துத்தான் இருக்கிறேன். நம் வயதுப் பெண்கள் நான்கு பேர் ஒரு கல்யாணத்தில் சேர்ந்து உட்கார்ந்தால் முதலில் முட்டிவலி, அப்புறம் மருமகள், மூன்றாவதாக, "நீ மூஞ்சிக்கு என்னா போடுற?" அந்த மூன்றாவது கேள்விக்கு நான் இத்தனை வருடமாகப் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மருந்துக் கடைக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "ஆன்டி, ஸ்கின் செக் இன்னிக்கு ஃப்ரீ. ரெண்டே நிமிஷம் லா, உக்காருங்க" என்று பிடித்து உட்காரவைத்து, பேனா போல ஒன்றை நெற்றியிலும் கன்னத்திலும் மாற்றி மாற்றி வைத்தாள். திரையில் என் தோல் பெரிதாகத் தெரிந்தது. அவ்வளவு கிட்டத்தில் பார்க்க எனக்கு ஆசையில்லை.

"நெத்தி, மூக்கு, தாடை எல்லாம் எண்ணெய். கன்னம் ரெண்டும் காஞ்சு கெடக்கு. காம்பினேஷன் ஸ்கின் ஆன்டி உங்களுக்கு. முழு மூஞ்சிக்கும் ஒரே ஐட்டம் போடாதீங்க. ஒரு எடத்துக்கு நல்லா இருக்கும், இன்னொரு எடத்த கெடுத்துரும்."

"இது வியாதியாம்மா?" என்று கேட்டேன்.

"அய்யோ, இல்ல ஆன்டி! நெறைய பேருக்கு இப்படித்தான்."

அவள் காட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்து கடை வாசலில் நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் இரண்டு நிமிடத்தில் சொன்னதைச் சொல்ல ஆளில்லாமல் ஒரு வீடே தலைகீழான கதை எனக்குத் தெரியும். அந்த வீடு எங்கள் வீடு.

அப்போது எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, வருடக் கடைசி விடுமுறை. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மா ஒரு கிளினிக்கில் எடுபிடி வேலை செய்தாள். தரை துடைப்பது, மருந்துப் போத்தல் கழுவுவது, நோயாளிகளின் பெயரைக் கூப்பிடுவது. ஆனால் எங்கள் வரிசை வீடுகளில் அவள் பாதி டாக்டர். யாருக்குக் காய்ச்சல், கட்டி, வயிற்றுப்போக்கு என்றாலும் முதலில் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். "பாத்த ஒடனே சொல்லிருவேன் நான்" என்பாள் அம்மா. பாதி நேரம் சரியாகவும் சொல்லிவிடுவாள். அதுதான் வினையாகிப் போனது.

எனக்கு அந்த வருடம்தான் நெற்றியில் எண்ணெய் வடிய ஆரம்பித்தது. மூக்கின் இரண்டு பக்கமும் பளபளப்பு, நெற்றி முழுக்கப் பொரிப் பொரியாகப் பருக்கள். "இவ நெத்தியில அப்பளம் பொரிக்கலாம்" என்று அக்கா கேலி செய்வாள். அம்மா கிளினிக்கிலிருந்து சிவப்புச் சோப்பு ஒன்று கொண்டுவந்தாள். தரை துடைக்கிற மருந்து வாசம் அடிக்கும் அதில். ஒரு நாளைக்கு நான்கு தடவை முகம் கழுவ வேண்டும் என்று உத்தரவு. காலையிலும் மாலையிலும் அவளே பின்கட்டுக் குழாயடியில் என் தாடையைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பாள். வெள்ளிக்கிழமை என்றால் கூடுதலாகக் கடலை மாவும் எலுமிச்சைச் சாறும். அப்புறம் சொரசொரப்பான துண்டால் ஒரு துடை. நெற்றி அரைமணி நேரம் சும்மா இருக்கும், பிறகு மறுபடி மினுங்கும். மினுங்கினால் மறுபடி சோப்பு.

நெற்றி செய்த குற்றத்துக்குக் கன்னங்களும் சேர்ந்து அடி வாங்கின. இழுத்தன, அரித்தன. ஒரு மாதத்தில் இரண்டு கன்னத்திலும் வெள்ளை வெள்ளையாக வட்டம் விழுந்தது. நம் நிறத்துக்கு அது எப்படித் தெரியும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அம்மா என்னை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தாடையைப் பிடித்திருந்த கை சட்டென்று விலகியது. உள்ளே கூட்டி வந்து கதவைச் சாத்தினாள்.

"எத்தன நாளா இருக்கு இது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அடுப்படியில் அப்பாவிடம் அவள் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. வெண்குஷ்டம் என்றாள். கிளினிக்குக்கு அப்படி ஒரு பெண் வருவாளாம். முகத்தில் முதலில் இப்படித்தான் வட்டமாக வந்ததாம். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம், அவள் தங்கைக்கும் கல்யாணம் ஆகவில்லையாம்.

"டாக்டருகிட்ட காட்டிரலாமே" என்றார் அப்பா.

"நான் வேல பாக்குற எடத்துலயா? கார்டுல எழுதிட்டா எழுதினதுதான். நாளைக்கே இந்த லைன் முழுக்கத் தெரிஞ்சிரும். பெரியவளுக்கு ஆளுங்க வர்ற நேரங்க."

கிளினிக்கில் வேலை செய்ததால்தான் அவள் என்னைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போகவில்லை. இன்று யோசித்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அன்று அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. கந்தக வாடை அடிக்கும் மஞ்சள் களிம்பு ஒன்றைக் கொண்டுவந்து முகம் முழுக்கப் பூசினாள். கன்னம் சிவந்து தோல் உரிந்தது. "பரவுது" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பூசினாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சுங்கை வே பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வருவாள், நீல நிற அங்கியில் எப்போதும் ஒரு சூடான பிளாஸ்டிக் வாசம் இருக்கும். வரன் பேச்சு ஆரம்பித்த நாளிலேயே அவள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். "என் கல்யாணத்துல நீதான் தோழி. வேற எவளும் என் பக்கத்துல நிக்கக் கூடாது." கிளிப்பச்சையில் பாவாடை என்றுகூட முடிவாகியிருந்தது. பெண்ணுக்கு அரையடி பின்னால் நிற்க வேண்டும், கையில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வேர்த்தால் ஒற்ற வேண்டும், மாலை சரிந்தால் தூக்கிவிட வேண்டும். நான் கண்ணாடி முன்னால் நின்று இதையெல்லாம் பழகிக்கொண்டிருந்தேன். பெரிய ஆசைகள் அந்த வயதில் எனக்கு வேறு இல்லை. அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும், நான்தான் தங்கச்சி என்று எல்லோரும் பார்க்க வேண்டும்.

காஜாங்கிலிருந்து ஒரு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த வியாழக்கிழமையே அம்மா என் துணிகளைப் பையில் அடுக்கினாள்.

"கிள்ளான்ல பெரியம்மாவுக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இருந்துட்டு வா. லீவுதானே."

கிள்ளான் பஸ்ஸில் என்னை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, தலைக்கு ஒரு ஸ்கார்ஃப் கட்டிவிட்டாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்தபோது அதன் ஓரத்தை இழுத்து என் கன்னத்தை மூடினாள். எதற்காக என்னை அனுப்புகிறார்கள் என்று அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது.

பெரியம்மா அம்மாவுக்கு நேர் மூத்தவள். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. கிள்ளானில் கடை வரிசைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்து, மிளகாயும் மல்லியும் மஞ்சளும் மில்லில் அரைத்து வந்து பொட்டலம் கட்டிக் கடைகளுக்குப் போடுவாள். சந்துக்குள் நுழையும்போதே தும்மல் வரும். சுவர், பாய், தலையணை, தாகத்துக்குக் குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றிலும் மசாலா வாசம்.

அம்மா சிவப்புச் சோப்பையும் மஞ்சள் களிம்பையும் எடுத்து நீட்டி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று விளக்க ஆரம்பித்தாள். பெரியம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எங்கையப் பாரு. இந்தக் கையால இவ மூஞ்சியத் தொட்டா என்னா ஆவும்? பெரிய புள்ளதானே, அவளே பாத்துக்கட்டும்."

அப்படித்தான் என் முகம் முதல்முறையாக என் பொறுப்புக்கு வந்தது.

மறுநாள் மிளகாய்த்தூள் பொட்டலம். உட்காருவதற்கு முன் பெரியம்மா நெற்றியை மறைத்து ஒரு துணியை இறுக்கிக் கட்டச் சொன்னாள், வேர்வை வழிந்து கண்ணில் காரத்தை இறக்காமல் இருக்க. கன்னத்திலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னாள். "எண்ண இருந்தா காரம் தோல்ல எறங்காது. நான் இத்தன வருசமா இப்படித்தான்." அழகுக்காக அவள் சொல்லவில்லை, வேலைக்காகச் சொன்னாள். அன்று சாயங்காலம் அம்மா சொன்னபடி சிவப்புச் சோப்புப் போட்டுக் கழுவினேன். எண்ணெயும் போய் மேலே படிந்திருந்த காரம் நேராகத் தோலில் இறங்கியது. தொட்டித் தண்ணீரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கத்தினேன். அதற்குப் பிறகு அந்தச் சோப்பைத் தொட்டிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினேன்.

களிம்பை மட்டும் விடப் பயமாக இருந்தது. முழுவதும் விட்டால் அம்மா வந்து பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் இடது கன்னத்துக்கு மட்டும் அம்மா பேச்சைக் கேட்டேன். வலது கன்னத்துக்குத் தேங்காயெண்ணெய் மட்டும். ஒரு வாரம் போனது. தூணில் தொங்கிய உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் பார்த்தேன். ரசம் போய், மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கும் கண்ணாடி அது. இடது கன்னம் சிவந்து உரிந்துகொண்டிருந்தது. வலது கன்னத்தில் வட்டத்தின் ஓரம் கரைந்திருந்தது. விரலால் தடவினால் சொரசொரப்பு இல்லை. யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. நம்பப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து இடது கன்னத்துக்கும் எண்ணெய்தான்.

நெற்றி கதை வேறு. துணிக்கட்டுக்குள் வேர்த்துப் பருக்கள் இரட்டிப்பாகின. பக்கத்து வீட்டில் ஒரு மலாய்க்கார அம்மாள் இருந்தார், மாக்சிக் என்று கூப்பிடுவோம். சாயங்காலம் குளித்துவிட்டு முகம் முழுக்க வெள்ளையாக ஏதோ பூசிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். முதல் நாள் பார்த்தபோது, முகத்தில் வெள்ளை விழுந்ததென்று என்னை இங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள், இந்த அம்மாள் ஆசை ஆசையாகத் தானே பூசிக்கொண்டு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாரே என்று இருந்தது. அது பெடாக் செஜுக். அரிசியை நாள்கணக்கில் ஊறவைத்து அரைத்து, சின்னச் சின்ன முத்தாகக் காயவைப்பார்கள். தண்ணீரில் கரைத்துப் பூசினால் ஐஸ் வைத்தது மாதிரி இருக்கும். ஒரு ஜாம் போத்தலில் பாதி போட்டுக் கொடுத்து, "சாப்பு சிக்கிட் சாஜா" என்றார், கொஞ்சமாகப் பூசு என்று. நான் அன்றே முகம் முழுக்க அப்பினேன். நெற்றி குளிர்ந்தது, கன்னம் மறுபடி இழுத்தது. மறுநாள் நெற்றிக்கும் மூக்குக்கும் மட்டும் பூசினேன்.

இப்படியே ஒரு முறை தானாக உருவானது. காலையில் வெறும் தண்ணீர். வேலைக்கு முன் கன்னத்துக்கு எண்ணெய், நெற்றிக்கு முதல் நாள் துவைத்த துணி. சாயங்காலம் நெற்றிக்கும் மூக்குக்கும் பாசிப்பயற்று மாவு, அந்த வீட்டில் அதற்கா பஞ்சம். கழுவியபின் அங்கே மட்டும் பெடாக் செஜுக். கன்னத்துக்கு மறுபடி ஒரு சொட்டு எண்ணெய். மருந்துக் கடைப் பெண் எனக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான். கழுவ ஒன்று, நெற்றிக்கு லேசாக ஒன்று, கன்னத்துக்குக் கனமாக ஒன்று. வெயிலுக்கு ஒன்று மட்டும் புதிது. அந்த ஜாம் போத்தலும் ரசம் போன கண்ணாடியும் இன்று இருந்தால் அவளிடம் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். எப்போது எங்கே தொலைந்தன என்றே தெரியவில்லை.

இதற்கெல்லாம் முன்பே, நான் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வந்த அன்று பெரியம்மாவும் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"புடிச்சுப் போச்சு அவுங்களுக்கு. தை மாசமே வச்சுக்கலாம்னுட்டாங்க."

"நான் தோழிதானே?"

அவள் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கூடத்துச் சுவரில் நாங்கள் நான்கு பேரும் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்ப் பார்த்து, "இந்தச் சின்னப் பொண்ணு யாரு?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிற மகளை எங்கே என்றால் கூப்பிடச் சொல்வார்கள். படத்தைக் கழற்றிவைக்க அம்மாவுக்குத் தோன்றவில்லை. பதில் வாயில் வந்துவிட்டது.

"'அது எங்க அக்கா மக, கிள்ளான்ல இருக்கு, லீவுக்கு வரும்'னு சொல்லிட்டாடி உங்கம்மா."

"எந்த அக்கா?"

"நாந்தான். பக்கத்துலயே ஒக்காந்திருக்கேன். இல்லன்னு எப்படிச் சொல்றது?"

நான் முதலில் சிரித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து பொட்டலம் கட்டினேன். மல்லி என்று எழுதிய பைகளில் மஞ்சளைப் போட்டிருக்கிறேன் என்று ஒரு டஜன் ஒட்டிய பிறகுதான் தெரிந்தது. பெரியம்மா திட்டாமல் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், பெரியம்மாவுக்கு அந்தப் பொய் கசக்கவில்லை. அடுத்த வாரம் எனக்குக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். மசாலா எடுக்க வந்த கடைக்காரரிடம், "எம் பொண்ணு" என்றாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் அதுவரை யாரையும் அப்படிச் சொன்னதில்லை என்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எங்கே தெரியும். இப்போது தெரிகிறது. அன்று முகத்தைக் கொஞ்சம் சிடுசிடுக்காமல் வைத்திருக்கலாம்.

ஜனவரியில் பள்ளி திறந்துவிட்டது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அப்போது இடைநிலைப் பள்ளியில் முதலில் மலாய் பழக ஒரு வருடம் ரிமூவ் வகுப்பில் உட்கார வேண்டும். என்னோடு படித்தவர்கள் எல்லாம் நீலப் பினாஃபோர் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா கடிதம் கொடுத்திருந்தாள். நான் கிள்ளானில் சீரகம் புடைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வலது கன்னம், இடது கன்னம், மறுபடி வலது. ஒன்றும் இல்லை. நெற்றியில்கூட இரண்டு மூன்று தழும்புதான். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவாள் என்று எத்தனையோ நாள் நினைத்திருந்தேன். அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"முருகா, நல்லாயிருச்சே. இப்ப எப்படிடி மாத்துறது?"

"சொல்லிருவோம்" என்றார் அப்பா. "பயந்துட்டோம், மன்னிச்சுக்குங்கன்னு சொன்னா போச்சு."

"பெத்த புள்ளையவே இல்லன்னு சொன்னவ வேற என்னத்த மறச்சாளோன்னு கேப்பாங்க. பத்திரிகை அடிச்சாச்சு. நின்னு போச்சுன்னா பெரியவ கதி?"

எங்கள் அப்பா நல்லவர், ஆனால் இரண்டாவது வாக்கியத்தை எப்போதும் பேசமாட்டார். அன்று அவர் இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர் மேல் இன்னும் வருத்தம் உண்டு.

"பெரியவ ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்கா" என்று மட்டும் சொன்னார். "தங்கச்சி தோழியா நிக்கலன்னா நான் மணவறையில ஒக்கார மாட்டேங்கறா."

பெரியம்மா மகளும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அந்த வகையில் நம் உறவுமுறை அம்மாவுக்கு உதவியது. அக்காவை மாற்றிக் கூப்பிட வேண்டியதில்லை, தோழியாக நிற்கவும் தடையில்லை. மாற வேண்டியது ஒரே ஒரு சொல்தான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரே ஒரு நாளு. என்னய சித்தின்னு கூப்புடு."

கோயில் மண்டபத்தில் கிளிப்பச்சைப் பாவாடை கட்டிக்கொண்டு அக்காவுக்கு அரையடி பின்னால் நின்றேன். நான் கேட்டது கிடைத்தது, வேறொரு வீட்டுப் பெண்ணாக. மணவறையில் அக்கா குனிந்திருந்தபடியே பின்பக்கமாகக் கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டாள். தாலி கட்டும் வரை விடவில்லை. அம்மா குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். குங்குமச் சிமிழ் எங்கே என்று ஒரு சமயம் யாரோ என்னைக் கேட்டார்கள். "சித்தி, சிமிழ் எங்க?" என்று கூப்பிட்டேன். அம்மா உடனே திரும்பி, "தட்டுக்கு அடியில பாரு" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் திரும்பியிருக்க வேண்டாம்.

பந்தியில் நான் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் அம்மா பாயசம் கொண்டு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தி, கன்னத்தைத் தட்டினார்.

"உங்க அக்கா மக எவ்ளோ லட்சணமா இருக்கு! மூஞ்சியில ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஒங்களுக்கும் ரெண்டாவதா இப்படி ஒரு பொண்ணு பொறந்திருக்கலாம்."

அம்மா பாயச வாளியில் கரண்டியைப் போட்டாள். என்னைப் பார்த்தாள். அவர் இலையைப் பார்த்தாள்.

"எனக்குக் கொடுத்து வைக்கலீங்க" என்றாள்.

தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு நான் கை கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். அழுகை வரவில்லை. முகத்தில் அந்த அம்மாள் தட்டிய இடம் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுவீட்டுக்கு வருவதற்கு முன்பே அக்கா தன் புருஷனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மாள் மறுவீட்டு விருந்தில் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவன் அண்ணனுக்கு, எம் மூத்த மவனுக்கு, கால் முழுக்கப் படை. அதச் சொன்னா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு நாங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு அவனுக்குப் புது சாக்ஸ் வாங்கிப் போட்டுக் கூட்டியாந்தோம்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். எங்கள் வீட்டை இரண்டு மாதம் ஆட்டிவைத்த பயம் ஒரு சாப்பாட்டுக்கு முன்னால் தீர்ந்துபோனது.

எனக்கு மட்டும் தீரவில்லை. "இனிமே பழையபடி அம்மான்னு கூப்புடு" என்று கல்யாணத்தன்றே வேனில் வரும்போது அம்மா சொல்லியிருந்தாள். நான் சித்தி என்றும் கூப்பிடவில்லை, அம்மா என்றும் கூப்பிடவில்லை. எந்த முறையும் சொல்லாமல் ஒரு வீட்டில் எவ்வளவு நாள் ஓட்டலாம் தெரியுமா? நிறைய நாள் ஓட்டலாம். "சாப்பாடு ஆச்சா?" "ஸ்கூலுக்கு நேரமாச்சு." "யாரோ வந்திருக்காங்க." எதற்கும் கூப்பிட வேண்டியதில்லை. பக்கத்து அறையில் இருந்தால் எழுந்து போய் எதிரில் நின்று பேசுவேன்.

தைப்பூசம் வந்தது. என் முகத்துக்காக அம்மா பத்துமலைக்குப் பால்குடம் வேண்டியிருந்தாளாம், என்னைக் கிள்ளானில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்றே. விரதமிருந்து மஞ்சள் சேலை கட்டி அத்தனை படியும் ஏறினாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு கூடவே ஏறினேன். அவளுக்கு மூச்சு வாங்கியபோது முழங்கையைத் தொட்டேன், கூப்பிடவில்லை. முருகன்தான் என் முகத்தைக் காப்பாற்றினான் என்று கடைசிவரை அவள் நம்பினாள். அது வியாதியே இல்லை, என் தோல் இரண்டு விதம், அதைத் தெரியாமல் தேய்த்துத் தேய்த்து நீதான் காயவைத்தாய் என்று சொல்ல, எனக்கே இப்போதுதானே தெரியும். அம்மா போய்ப் பல வருடம் ஆகிறது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்.

அந்த நாள்களில் அம்மா என் முகத்தின் பக்கமே கையைக் கொண்டுவரவில்லை. சோப்பு என்ன, எண்ணெய் என்ன, எதுவும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு என் வேலையைச் செய்துகொள்வேன், அவள் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள்.

பூசம் முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை. அப்பாவுக்கு வேலை. நாங்கள் இருவர்தான் வீட்டில். அம்மா அடுப்படித் தொட்டியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டு வெளியே வரப் போனேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

"எத்தன நாளுடி இப்படி இருப்ப?"

நான் நின்றேன்.

"நான் செஞ்சது தப்புதான். அந்த அம்மாகிட்ட அப்படிச் சொன்னேன் பாரு, அதுக்கு என் நாக்கு அழுகணும்." தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி நிரப்பினாள். "திட்டு. எவ்ளோ வேணும்னாலும் திட்டு. ஆனா கூப்புட்டுட்டுத் திட்டு."

அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ரவிக்கை வேர்வையில் நனைந்திருந்தது. அரிசிக்குள் கை அசையவில்லை. திட்டுவதற்கு என்னிடம் இரண்டு மாதச் சொற்கள் சேர்ந்திருந்தன.

"அம்மா" என்றேன்.

அவள் திரும்பவில்லை. காதில் விழவில்லையோ என்று முதலில் நினைத்தேன். பிறகு அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். கையை அரிசிக்குள் வைத்தபடி, இன்னொரு தடவை கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாவது தடவையும் கூப்பிட்டேன்.